சீனியாரிட்டி ராஜா

வடசென்னை மேடைகளில் இதுவரை முடிசூட்டிக்கொண்ட ராஜாக்களிலேயே படுமோசமான ராஜா யார் என்று கேட்டால், யோசிக்காமல் சொல்வேன்: எங்கள் விசில் அண்ணன். போட்டிக்குக்கூட ஆள் கிடையாது. சுருதி கிடையாது, தாளம் அறவே கிடையாது, கண்ணாடியைக் கழற்றினால் சிம்மாசனம் எந்தப் பக்கம் இருக்கிறது என்றே தெரியாது. ரிட்டயராக ஒரு மாதம் இருந்த அந்த மனிதரைத்தான் இருபது வயதுக் காதல் மன்னனாகப் போட்டு, பன்னிரண்டு பாட்டுகளைக் கையில் கொடுத்தோம். அந்தப் பன்னிரண்டையும் எழுதி மெட்டுப் போட்டவன் நான் என்பதால், எனக்குத் தண்டனை இரண்டு மடங்கு.

தொண்ணூறுகளின் கடைசி அது. திருவொற்றியூரில் கடலுக்கும் நெடுஞ்சாலைக்கும் நடுவே இரும்பு வார்க்கும் ஒரு தொழிற்சாலை. அங்கே நான் டைம் ஆபீஸ் கிளார்க். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், ஏன் லேட் என்று எழுதி வைப்பது என் வேலை. விசில் அண்ணன் கிரேனுக்கு சிக்னல் காட்டுபவர். கூரைக்கு அடியில் தண்டவாளத்தில் ஓடும் கிரேனின் டிரைவருக்குக் கீழே இருப்பவர்கள் பேசுவது காதில் விழாது. ஆகவே அண்ணன் தரையில் நின்று விசில் அடிப்பார். டிரைவர் குனிந்து பார்ப்பார். அண்ணன் ஆட்காட்டி விரலை மேலே நீட்டிச் சுழற்றினால் பாரம் ஏறும். கீழே நீட்டிச் சுழற்றினால் இறங்கும். முஷ்டியை மூடினால் அந்தரத்தில் அப்படியே நிற்கும். இந்த மூன்றை வைத்தே அவர் ஒரு வாழ்க்கையை ஓட்டிவிட்டார்.

விசில் அவர் கழுத்தை விட்டு இறங்கியதே இல்லை. காலடிப்பேட்டையில் அவர் வீட்டில் ஒரு விசில் அடித்தால் காப்பி, இரண்டு அடித்தால் துண்டு. அண்ணியும் சளைத்தவரல்ல. சமையலறையிலிருந்து கரண்டியால் பாத்திரத்தில் ஒரு தட்டு தட்டினால் 'இப்போது முடியாது' என்று பொருள். முப்பது வருடத் தாம்பத்தியத்தில் அவர்கள் வாய் திறந்து பேசியது மொத்தம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் அடங்கிவிடும் என்று தெருவில் சொல்வார்கள்.

ஒருநாள் டோல்கேட் ஸ்டாப்பிங்கில் பஸ்ஸிலிருந்து இறங்கிப்போன நண்பர் டிபன் கேரியரை மறந்துவிட்டார் என்று, அண்ணன் ஜன்னல் வழியாக இரண்டு விசில் அடித்தார். இரண்டு விசில் அடித்தால் எந்த டிரைவரும் என்ன செய்வார்? வண்டியை எடுத்துவிட்டார். படியில் தொங்கியவர்களைக் கீழே நின்று உள்ளே தள்ளிக்கொண்டிருந்த கண்டக்டர் ரோட்டிலேயே நின்றார். பாவம், ஷேர் ஆட்டோ பிடித்துத் துரத்தி வந்து காலடிப்பேட்டையில்தான் தன் பஸ்ஸைப் பிடித்தார்.

இன்னொரு நாள் எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் ஒன்றோடொன்று மூக்கை உரசிக்கொண்டு நின்றன. அண்ணன் சைக்கிளை ஓரம் கட்டிவிட்டு, நடு ரோட்டில் நின்று கை காட்டத் தொடங்கினார். காக்கிச் சட்டை போட்டிருந்தார் என்பதால் டிரைவர்கள் மறுபேச்சு பேசாமல் கட்டுப்பட்டார்கள். ஜாம் விட்டது, ஷிஃப்ட்டும் போனது. என் ரிஜிஸ்டரில் தாமதத்துக்குக் காரணம் என்ற இடத்தில், "லாரி ரிவர்ஸ் எடுத்து வுட்டது" என்று எழுதச் சொன்னார். எழுதினேன். மேலதிகாரி என்னைத்தான் கூப்பிட்டு விளக்கம் கேட்டார்.

இவர் எப்படி ராஜாவானார் என்று கேட்பீர்கள். சீனியாரிட்டி, வேறென்ன?

எங்கள் தொழிற்சாலையில் லாக்கர் முதல் கேன்டீனில் ஃபேனுக்குக் கீழே இருக்கும் பெஞ்சு வரை எல்லாமே சர்வீஸ் கணக்குப்படிதான் கிடைக்கும். மனமகிழ் மன்றம் ஆண்டு விழாவுக்குப் போடும் நாடகமும் அப்படித்தான். புதிதாகச் சேர்ந்தவன் படுதா இழுப்பான். சில வருடம் கழித்து ஈட்டி பிடிப்பான். பிறகு "மன்னா, எதிரிகள் கோட்டையை முற்றுகையிட்டுவிட்டார்கள்" என்று ஒரு வரி கிடைக்கும். பிறகு தளபதி, மந்திரி. மேலே இருப்பவர் ரிட்டயரானால்தான் ராஜா. லீவு லிஸ்டுக்குப் பக்கத்திலேயே வேஷ லிஸ்டும் நோட்டீஸ் போர்டில் தொங்கும். முந்தைய வருடத்து ராஜாவுக்கு ஆஸ்துமா. போர்க்களக் காட்சியில் எதிரி மன்னனே அவரை உட்காரவைத்து, முதுகைத் தடவித் தண்ணீர் கொடுத்தான்.

அதுவரை எல்லாம் வசன நாடகம் என்பதால் யார் ராஜாவானாலும் ஒப்பேற்ற முடிந்தது. நான் போய், "இந்த வருடம் இசை நாடகம் போடலாம்" என்று ஆசையைக் கிளப்பிவிட்டேன். முத்துத்தீவு மன்னன் ஒருவன், முத்துக் குளிப்பவர் மகளைக் காதலிக்கிறான். ஆர்மோனியத்தைத் துடைத்து வைத்துக்கொண்டு ஒரு மாதம் உட்கார்ந்து பாட்டுப் போட்டேன். அதில் நிலவைப் பார்த்து மன்னன் பாடும் பாட்டு என் உயிர். 'ஏறி வா நிலாவே, ஏறி வா' என்று தொடங்கும். அதை எழுதி முடித்த அன்று, எனக்கு இனி டைம் ஆபீஸ் தேவையில்லை என்றே நினைத்தேன்.

முதல் ஒத்திகையில் விசில் அண்ணன் அந்தப் பாட்டைப் பாடினார். பாடினார் என்று சும்மா சொல்கிறேன். உலைச் சத்தத்தைத் தாண்டி ஆள் கூப்பிட்டுப் பழகிய தொண்டை அது. நிலா பயந்துபோய் ஏற வந்ததையும் விட்டுவிட்டு இறங்கியிருக்கும். நான் ஆர்மோனியத்தில் எந்தக் கட்டையைப் பிடித்தாலும் அண்ணன் அதற்குப் பக்கத்துக் கட்டையில் இருந்தார். கதாநாயகியாக நடிக்க வெளியிலிருந்து கூப்பிட்டிருந்த ரமணி அம்மா, நூறு மேடை பார்த்தவர். அவரே காதைத் தேய்த்துக்கொண்டார்.

"அண்ணே, பாட்டு இன்னொரு நாள் பாத்துக்கலாம். லவ் சீன்லயாவது அந்த விசிலைக் கழட்டுங்களேன். கட்டிப்பிடிச்சா நெஞ்சுல குத்துது."

"அத்த மட்டும் கேக்காதம்மா. வேணும்னா கிரீடத்தக் கழட்டிர்றேன்" என்றார் அண்ணன்.

அதே ஒத்திகையில்தான் கரீம் பாயின் குரலைக் கேட்டேன். கேன்டீனில் டீ போடுபவர், தண்டையார்பேட்டைக்காரர். எல்லோருக்கும் டீ ஊற்றிக்கொண்டே அந்தப் பாட்டைச் சும்மா முணுமுணுத்தார், கண்ணை மூடிக்கொண்டு. பாடினால் அவருக்குக் கண் தானாக மூடிக்கொள்ளும். தேன் என்று எழுதினால் பழைய வார்த்தையாக இருக்கும், ஆனால் தேன்தான். சர்வீஸ் நாலே வருடம். லிஸ்ட்படி அவருக்குக் கிடைத்தது காவலன், அதுவும் இரண்டாவது காவலன்.

மன்றத்தின் செகரட்டரியிடம் ஓடினேன். அவர் வார்ப்படப் பிரிவில் ஃபோர்மேன்.

"சார், விசில் அண்ணனை மந்திரியாக்கிட்டு, கரீம் பாயை ராஜாவாப் போடலாம்."

அவர் என்னைத் தீ வைக்க வந்தவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "இன்னா தம்பி பேசற? இன்னிக்கு ராஜா வேஷத்துக்கு சீனியாரிட்டி பாக்கலன்னு வையி, நாளைக்கு ஃபேன் பெஞ்சுல எவன் வேணா குந்துவான். அப்பால ஃபேக்டரி எப்பிடி நடக்கும்?"

கரீம் பாயிடமே போனேன். அவர் கெட்டிலைக் கீழே வைத்துவிட்டார். "வேணாம் சார். தெனம் மொத டீ அவருக்குத்தான் ஊத்தறேன். அவரு மூஞ்சில நான் எப்பிடி முழிக்கிறது? எனக்கு ஈட்டியே போதும்."

கடைசியில் செகரட்டரியே ஒரு வழி சொன்னார். ராஜா மேடையில் வாயசைப்பது, கரீம் பாய் படுதாவுக்குப் பின்னால் உட்கார்ந்து பாடுவது. சினிமாவில் இல்லாததா? அதை அண்ணனிடம் சொல்லும் பொறுப்பு மட்டும் என் தலையில் விழுந்தது.

டீ இடைவேளையில் மணல் குவியலுக்குப் பக்கத்தில் அண்ணனைப் பிடித்தேன். சுற்றி வளைத்துச் சொல்லி முடித்தேன். அவர் விசிலைச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"ஏன் நைனா, நான் பாடறது அவ்ளோ கலீஜாவா கீது?"

"இல்லண்ணே, நம்ம மைக் செட்டு சரியில்ல..."

"மைக் மேல பழி போடாத. இர்வத்திரண்டு வர்சமா லிஸ்ட்ல நின்னுகினு கீறேன். படுதா இஸ்த்தேன், ஈட்டி புட்ச்சேன். ஒரு வாட்டி கூட உங்க அண்ணி வந்து பாத்ததில்ல. 'ஈட்டி புட்ச்சிகினு நிக்கறத பாக்க நான் இன்னாத்துக்கு வரணும்? பாடு, வரேன்'னா. இந்த வாட்டி பாடறேன்னு சொல்ட்டேன். பொடவகூட எட்த்து வெச்சிட்டா."

ஒரு மனிதன் இருபத்திரண்டு வருடம் காத்திருந்து வாங்கிய ஒன்றை, ஒரு பாட்டு கெட்டுவிடும் என்பதற்காகப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் பாட்டை விட்டுக்கொடுக்கவும் மனம் வரவில்லை. இரண்டும் உண்மை.

அண்ணனே எழுந்து தோளில் தட்டினார். "சரி வுடு. நீ கஷ்டப்பட்டு எய்தனது. கரீமே பாடட்டும். ஆனா பாடறது நான் இல்லன்னு உங்க அண்ணிக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சுதுன்னு வையி, நான் வூட்டுக்கே போவ முடியாது."

ஆண்டு விழா அன்று சாயங்காலம் மன்றத்தின் ஹால் நிரம்பி வழிந்தது. முதல் வரிசையில் பெரிய அதிகாரிகள். அவர்களுக்குப் பக்கத்தில் கத்திரிப்பூப் புடவையில் அண்ணி, மடியில் கையைக் கட்டிக்கொண்டு. மேடையின் ஓரத்தில் ஆர்மோனியத்தோடு நான், பக்கத்தில் தபலாக்காரர். எதிர்ப்பக்கம் படுதாக் கயிறுகளோடு நான்கு கலாசிகள். பாரத்துக்குச் சங்கிலி போட்டுக் கட்டுகிற வேலைக்காரர்கள். நாங்கள் வாடகைக்கு எடுத்த படுதாக்களைப் பார்த்ததும், வழக்கமாகக் கட்டுகிற கட்டு பிடிக்காமல், கப்பியெல்லாம் போட்டு ஒரு விரலால் இழுத்தாலே ஏறும்படி கட்டி, இழுக்கும் வேலையையும் புதியவர்களிடம் விடாமல் தாங்களே எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த நான்கு பேரும் பதினைந்து வருடமாக விசில் அண்ணன் கையைப் பார்த்து வேலை செய்தவர்கள். இந்த விஷயம் எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

முதல் பாட்டு முடிந்ததும் ஹாலே அதிர்ந்தது. "டேய், நம்ம விசிலாடா இது! இன்னா கொரலுடா!" என்று பின்வரிசையில் ஒருவர் எழுந்தே நின்றுவிட்டார். இரண்டாவது பாட்டுக்கு அண்ணன் குனிந்து வணக்கம் வைத்தார். மூன்றாவதற்குத் தொண்டையைக் கனைத்துக்கொண்டு தண்ணீர் வாங்கிக் குடித்தார். நான்காவது பாட்டு வருவதற்குள் பாடுவது தான்தான் என்று அவரே நம்பிவிட்டார் என்று நினைக்கிறேன்.

நான்காவது பாட்டுதான் நிலாப் பாட்டு. பின்னால் நந்தவனப் படுதா. அதற்குப் பின்னால் டீ டிரம்மைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு கரீம் பாய் எடுத்தார்: 'ஏறி வா நிலாவே, ஏறி வா.' அண்ணன் நெகிழ்ந்துபோய் வாயசைத்தார். நெகிழ்ச்சி தாங்காமல் வலது கையைத் தூக்கினார். ஆட்காட்டி விரலை வானத்துக்கு நீட்டினார். பழக்க தோஷம், விரல் சுழன்றது.

நான்கு கலாசிகளும் ஒரே நேரத்தில் கயிற்றை இழுத்தார்கள்.

நந்தவனம் மண்ணை விட்டுக் கிளம்பியது. முதலில் டீ டிரம் தெரிந்தது. பிறகு இரண்டு கால்கள். பிறகு இரண்டாவது காவலன் உடுப்பில் கரீம் பாய், ஒரு கையில் பாட்டு எழுதிய காகிதம், மறு கையில் மைக், மூடிய கண்கள். அவர் உருகி உருகிப் பாடிக்கொண்டிருந்தார். ஹால் வெடித்துச் சிரித்தது. அண்ணனுக்கு முதுகுப் பக்கம் நடப்பது தெரியாது. கைதட்டல் என்று நினைத்து இன்னும் உற்சாகமாக விரலைச் சுழற்றினார். படுதா உத்தரத்தில் போய் இடித்தது. செகரட்டரி எங்கிருந்தோ கத்தினார்: "டேய், கயித்த வுடுங்கடா!"

"அண்ணன் இன்னும் ஏத்துன்னுதான சார் காட்றாரு!" என்று பதிலுக்குக் கத்தினான் ஒரு கலாசி.

ரமணி அம்மா மன்னனின் தோளில் சாய்வதுபோல் சாய்ந்து, "அண்ணே, பின்னாடி பாருங்க" என்றார்.

அண்ணன் திரும்பினார். அதே நேரத்தில் கரீம் பாய் கண்ணைத் திறந்தார். எதிரே எழுநூறு எண்ணூறு தலைகள். பாட்டு நடு வரியில் அறுந்தது. எனக்கு விரல் ஓடவில்லை. ஆர்மோனியத்தில் ஒரே கட்டையை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சிரிப்பு மெல்ல அடங்கியது. எல்லோருமே அண்ணியைத்தான் பார்த்தார்கள். அண்ணி யாரையும் பார்க்கவில்லை, அண்ணனை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணனும் ஒரு கணம் அண்ணியைப் பார்த்தார். அவர் முகத்தில் பூசியிருந்த சிவப்பு அவ்வளவும் வெளுத்துவிட்டது போலிருந்தது. மேடையை விட்டு இறங்கி ஓடிவிடுவார் என்றே நினைத்தேன். நானாக இருந்தால் ஓடியிருப்பேன்.

அவர் முத்து மாலைக்குள் கையை விட்டு விசிலை எடுத்தார். சுருக்கமாக ஒரு ஊதல். கரீம் பாய் நிமிர்ந்து பார்த்தார். கிரேன் டிரைவரைப் பார்க்கும் அதே பார்வையால் அண்ணன் அவரைப் பார்த்தார். பயப்படாதே, கீழே நான் இருக்கிறேன் என்கிற பார்வை. பிறகு விரலை மேலே நீட்டி, மெல்ல, மிக மெல்லச் சுழற்றினார்.

கரீம் பாய் பாடினார். விட்ட வரியிலிருந்தே எடுத்தார். அண்ணன் விரல் ஏற ஏறக் குரல் ஏறியது. விரல் கீழே திரும்பியதும் குரல் இறங்கியது. என் மெட்டு மண்ணாகிவிட்டது. அது ஏறவேண்டிய இடம் வேறு. ஆனால் அந்த ஹாலில் இருந்த அத்தனை பேருக்கும் அந்தக் கையின் பாஷை தெரியும். டன் கணக்கில் உருக்கிய இரும்பை அவர் அந்தக் கையால்தான் எங்கள் தலைக்கு மேல் கொண்டுபோயிருக்கிறார். ஒருவரும் இருமவில்லை. கடைசியில் அண்ணன் முஷ்டியை மூடினார். பாட்டு, ஆர்மோனியம், தபலா எல்லாம் ஒரே நொடியில் நின்றன. எங்கள் மன்றத்தின் வரலாற்றில் எல்லோரும் ஒன்றாக முடித்தது அதுதான் முதல் தடவை. அப்புறம் எழுந்த கைதட்டலில் மேல் தகரம் பறந்துவிடும் போலிருந்தது. மிச்ச எட்டுப் பாட்டுக்கும் அப்படியே கை காட்டினார். பெரிய அதிகாரி ஒருவர் என் கையைக் குலுக்கி, "ரொம்ப மாடர்னா யோசிச்சிருக்கீங்க" என்றார். நான் தலையை ஆட்டிவைத்தேன்.

நாடகம் முடிந்து அண்ணி மேடைக்குப் பின்னால் வந்தார். அண்ணன் கிரீடத்தை மடியில் வைத்துக்கொண்டு, தப்பு செய்தவர்போல் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"உன்கிட்ட டபாய்க்கணும்னு இல்ல..." என்று தொடங்கினார்.

"கம்னு இரு. முப்பது வர்சமா கேக்கற தொண்ட எனக்குத் தெரியாதா? மொத பாட்டு மொத வரியிலயே தெர்ஞ்சி போச்சி."

"அப்பறம் ஏன் ஏந்து போவல?"

"பாட்டுக்காவா வந்தேன்? நீ ராஜாவா கீறத பாக்கத்தான் வந்தேன். பாடுன்னது சும்மா. ஈட்டியே போதும்னு லிஸ்ட்ட வுட்டுடுவியோன்னு பயம். ரோசம் வரட்டும்னு சொன்னேன்."

அன்று அவர்கள் பேசியது அந்த நோட்டுப் புத்தகத்தில் பாதியைத் தாண்டியிருக்கும்.

மாதக் கடைசியில் அண்ணனுக்குப் பிரிவு உபசாரம் நடந்தது. மாலை போட்டு, சால்வை போர்த்தி, சுவர்க் கடிகாரம் கொடுத்து, இரண்டு வார்த்தை பேசுங்கள் என்று மைக்கை நீட்டினார்கள். அண்ணன் விசிலைக் கழுத்திலிருந்து கழற்றி மேஜைமேல் வைத்தார். நான் பார்த்து அவர் அதைக் கழற்றியது அந்த ஒரு தடவைதான்.

"பேச வராது. ஒரு பாட்டு பாக்கி கீது" என்றார்.

பாடினார். நிலாப் பாட்டு, முழுசாக, சரணம் மூன்றையும். கடைசி வரிசையில் கெட்டிலோடு நின்ற கரீம் பாய், விரலைக் கீழே நீட்டிச் சுழற்றி 'இறக்குங்க, இறக்குங்க' என்று கெஞ்சிக்கொண்டே இருந்தார். அண்ணன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை, ஏறிக்கொண்டேதான் இருந்தார். முன்வரிசையில் அண்ணி தப்புத் தாளம் போட்டார். ஒருவர்கூட எழுந்து போகவில்லை. ஃபேன் பெஞ்சுக்காரர்களும் போகவில்லை.

கரீம் பாய் பாடியது தேன் என்று மேலே எழுதினேன். அதில் மாற்றமில்லை. ஆனால் இன்று காலை ஷேவ் செய்துகொண்டிருக்கும்போது என் வாய் தானாக அந்தப் பாட்டை முணுமுணுத்தது. கேட்டால் அது நான் போட்ட மெட்டே இல்லை, விசில் அண்ணன் பாடியது. இத்தனை வருடமாக அப்படித்தான் வருகிறது. திருத்திப் பாட மனசு வரவில்லை.